நில் என்று நீட்டிய கை

போன வாரம் பாகூரில் என் ஜெராக்ஸ் கடைக்கு ஒருவர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அரிசி ஆலை வைத்திருப்பவர். மூட்டை வரத்தையெல்லாம் பதிகிற புரோகிராம் அதில் ஓடுகிறது. விபி என்கிற பழைய விஷுவல் பேசிக்கில் யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்தது. இப்போது ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் ஒரு பெட்டி எழும்பி இங்கிலீஷில் ஏதோ திட்டுகிறதாம்.

"அந்தப் பொட்டி வராத மாரி பண்ணிக் குடுத்துரும்மா, போதும்," என்றார்.

பெட்டி வராமல் செய்ய ஒரு நிமிஷம் போதும். ஒரே ஒரு வரி. அந்த வரி எனக்கு மனப்பாடம். ஆனால் அவர் கேட்டதுமே என் கை தானாக இடது கன்னத்துக்குப் போய்விட்டது.

"வராத மாரி பண்ண மாட்டேன்ணே. எதுக்கு வருதுன்னு பாக்கறேன். ரெண்டு நாளு ஆவும்."

அவருக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துக் கடையில் கேட்டுப் பார்க்கிறேன் என்று முனகினார். கேட்கட்டும். அந்தக் கன்னத்தில் விழுந்த அறையை நான் மறக்கவில்லை. அறைந்தவளையும் மறக்கவில்லை.

வீராம்பட்டினத்துக்காரி. கடலுக்குப் போகிற குடும்பம். நான் கரும்புக்காரர் வீட்டுப் பெண், அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பயிர் வைப்பார்கள். மூலக்குளத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டிப்ளமோ முடித்தோம். பாகூர் ரோட்டில் இருந்த ஒரு தனியார் கரும்பு ஆலையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். விவசாயிகள் அவளை 'கம்ப்யூட்டரம்மா' என்பார்கள். என்னை இன்னார் வீட்டுப் பெண் என்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது எனக்குப் புரியவில்லை.

கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிவாள். ஸ்டேப்ளர், பஞ்சிங் மிஷின், ஒரு முறை கீபோர்டு. ஒயர் மாட்டியிருந்ததால் கீபோர்டு பாதி வழியில் நின்று, திரும்பி வந்து அவள் முட்டியிலேயே அடித்தது. நான் சிரித்துவிட்டேன். அடுத்து வந்த தண்ணீர் பாட்டில் எனக்கு. ஆனால் எறிந்ததை அப்படியே விட மாட்டாள். போய் எடுத்துவந்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "உடையல," என்று சொல்லித் துடைத்து அதன் இடத்தில் வைப்பாள்.

வேலை தெரியாதவனிடம் அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எழுதத் தெரியாத விவசாயிக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பாள். ஒரு தப்பு நடந்தது தெரிந்தும், நடக்காத மாதிரி ஒருவர் மேலே போனால்தான் அவளுக்குக் கண் சிவக்கும். அப்போது வலது கையை முழுசாக நீட்டி, உள்ளங்கையைக் காட்டி, "நில்லு," என்பாள். டிராபிக் போலீஸ்கூட அப்படி நிறுத்த மாட்டார்.

வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம் ஒரு நாள். எங்களுக்கு இரண்டு சீட் முன்னால் ஒருவன் தன் பெண்டாட்டியை அடித்தான். முதலில் தலையில் ஒரு தட்டு. அப்புறம் முகத்தில். அப்புறம் முடியைப் பிடித்து ஜன்னல் கம்பியில் மோதினான். பஸ் நிறைய ஆள். எல்லாரும் வெளியே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நெல் நன்றாக விளைந்திருந்தது என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இவள் எழுந்தாள். "பஸ்ஸ நிறுத்துபா."

"அது புருசன் பொண்டாட்டி சமாச்சாரம்மா, உனுக்கு இன்னா? இங்க ஸ்டாப்பிங் இல்ல," என்றார் கண்டக்டர்.

இவள் கண்டக்டரின் கையிலிருந்த விசிலைப் பிடுங்கி ஊதினாள். பஸ் நின்றது. கையை நீட்டி அவனிடம் "நில்லு" என்றாள். அவன் எழுந்து இவள் மார்பில் கை வைத்துத் தள்ளினான். அவ்வளவுதான். டிபன் பாக்ஸ் பையோடு சுழன்று அவன் மூக்கில் இறங்கியது. ரத்தம் சட்டைக்கு வந்தபிறகும் விடாமல், கன்னத்தில் ஓங்கி ஒரு அறை. ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தது. கூத்து என்னவென்றால், அடிவாங்கிய அந்தப் பெண்ணே இவள் மேல் பாய்ந்து வாய்க்கு வந்தபடி திட்டியதுதான். இவள் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவ உன்னத் திட்டறாடி," என்றேன்.

"திட்டட்டும். பஸ்ஸு நின்னுச்சில்ல?"

அன்று மதியம் சாப்பிடும்போதுதான் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். கருவாட்டுத் துண்டைப் பிய்த்துக்கொண்டே, மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அவள் அப்பா தினமும் அம்மாவை அடிப்பார். "எங்கப்பன் தெருவுலதான்டி போட்டு அடிப்பான். தெரு ஃபுல்லா ஒக்காந்து வல பின்னிகினு இருப்பாங்க. ஒரு கை நிக்காது. ஒரு முடிச்சு தப்பாது." பதிமூன்று வயதில் இவளே துடுப்பை எடுத்து அவர் தோளில் போட்டிருக்கிறாள். எலும்பு நொறுங்கியது. "அதுக்கப்பறம் அந்தக் கை தோளுக்கு மேல எழும்பல," என்று சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து ஒரு வாய் தயிர்சாதம் எடுத்துக்கொண்டாள். அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது.

ஆலையில் எங்கள் வேலை இதுதான். கரும்பு நட்டவுடன் விவசாயி வந்து பதிய வேண்டும். பதிந்த வரிசைப்படி ஒரு நம்பர் விழும். அந்த நம்பரைப் போட்டு ஒரு சீட்டுக் கொடுப்போம். பத்துப் பதினோரு மாதம் கழித்து, அந்த நம்பர் வரிசையில்தான் கட்டிங் ஆர்டர். ஆர்டர் வராமல் வெட்டினால் ஆலை எடுக்காது. வெட்டாமல் விட்டால் கரும்பு பூத்து, உள்ளே சாறு வற்றி, நின்ற இடத்திலேயே விறகாகிவிடும். ஒரு வருஷ உழைப்பு ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தது.

முன்பு நோட்டில் எழுதியதை நாங்கள் இருவரும் புரோகிராமாக மாற்றினோம். பதிவு ஃபார்ம் நான் எழுதினேன். அதை டேட்டாபேஸோடு இணைக்கும் பகுதி அவள். மேனேஜர் ரூம் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸாக ஒரு ஆக்சஸ் ஃபைல், கவுண்டரில் இரண்டு கம்ப்யூட்டர். நடுவில், இரண்டையும் பேச வைக்கிற ஆப்ஜெக்ட் லைப்ரரி. அதை அவள் எனக்குச் சொன்ன விதத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

"கனெக்ஷன் ஆப்ஜெக்ட்டு கயிறு. ரெக்கார்ட்செட்டு வல. வலயப் போட்டுட்டா மீனு வூட்டுக்கு வந்துருமா? கரைக்கு இழுத்துக் கொட்டணும். அதான் அப்டேட்டு. கொட்டறதுக்கு முன்ன வல கிழிஞ்சா கத்தணும்டி. கத்தாம கரையில நின்னு ஏலம் விட்டன்னு வெய்யி, வாங்க வந்தவன் ஒதைப்பான்."

அந்த லைப்ரரிக்காகவே ஒருவனை அடிக்கப் போனாள். எடைமேடைக் கம்ப்யூட்டரில் புரோகிராமைப் போட்டபோது லைப்ரரி காணோம் என்று எரர் வந்தது. டவுனிலிருந்து வந்த சர்வீஸ் இன்ஜினியர், ரெஃபரன்ஸ் லிஸ்ட்டில் அந்த டிக்கை எடுத்துவிட்டு, அதைத் தொடுகிற வரிகளை எல்லாம் மறைத்துவிட்டு, "இப்ப ஓடுது பாருங்க மேடம்," என்று பெருமையாகச் சொன்னார்.

"ஓடுது. எங்க ஓடுது? டேட்டாபேஸு அங்க கீது, இது தெருவுல ஓடுது," என்றாள். அவர் ஏதோ எதிர்த்துச் சொல்ல, அவருடைய பையைத் தூக்கி வாசலில் எறிந்தாள். உள்ளே இருந்த ஸ்க்ரூடிரைவர்கள் எல்லாம் கரும்பு வண்டிக்கடியில் சிதறின. அப்புறம் இவளே பஸ் பிடித்து மூலக்குளம் போய், லைப்ரரி ஃபைல் உள்ள சிடியோடு வந்து, அதைப் போட்டு, டிக் அடித்து, ஒரு வண்டி எடை பதிவானதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அவள் வைத்த சட்டம் இரண்டு. தினமும் வேலை முடியும்போது அன்றைய புரோகிராமை, ஒரு எழுத்து மாறாமல், சிடியில் எழுதித் தேதி போட்டு வைக்க வேண்டும். இன்னொன்று, எந்த ஃபார்மிலும் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்ற வரி வரக்கூடாது. தப்பு நடந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற வரி அது. எங்கள் சென்டரில் மாஸ்டரே அதைத்தான் போடுவார், புரோகிராம் அழகாக ஓடும் என்று. அவள் சொல்வாள், "அது எங்க தெருடி."

அவள் அப்பா செத்துப்போனார். நாலு நாள் லீவு போட்டாள்.

அந்த நாலு நாளும் பதிவுக்குக் கூட்டம் அலைமோதியது. அவள் கவுண்டரில் எடைமேடை கிளார்க்கை உட்கார வைத்தார்கள். ஒற்றை விரலால் தட்டுகிறவர். ஒரு ரெக்கார்டைத் திறந்து வைத்துவிட்டு நிதானமாக வெற்றிலை மடிப்பார். அவர் திறந்து வைத்திருக்கும்வரை ஃபைல் பூட்டிக்கிடக்கும். நான் சேவ் கொடுத்தால் எரர் பெட்டி வரும், ஓகே கொடுத்தால் புரோகிராமே மூடிக்கொள்ளும். மறுபடி திறந்து, மறுபடி பெயர் கேட்டு, மறுபடி தட்டி. கம்பிக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்ற கூட்டம் கத்தியது. ஒருவர் கம்பி வழியாகக் கையை விட்டு மானிட்டரைப் பிடித்து உலுக்கினார். மேனேஜர் வந்து எல்லார் முன்னாலும், "படிச்சிட்டுதானே வந்த? இல்ல, வயலுக்குக் கள எடுக்கப் போறியா?" என்றார்.

அந்த வரியைப் போட்டேன். ஒரே வரி. பெட்டி நின்றது. ஃபைல் பூட்டியிருந்தாலும் புரோகிராம் பதியாமலே அடுத்த வரிக்குப் போனது. அடுத்த வரி, 'பதிவாகிவிட்டது' என்று காட்டியது. அதற்கடுத்த வரி, சீட்டு அச்சடித்தது. நான் கொடுத்த நம்பர் டேட்டாபேஸுக்குத் தெரியாததால், அதே நம்பர் அடுத்துக் கிளார்க்கிடம் வந்தவருக்கும் போனது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னால் பாதிப் பொய். யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம் என் வரிசையில்தான் நின்றார்கள். சித்தப்பாவும். பக்கத்து வரிசை காலியானபோது கூப்பிட்டதற்கு, "எங்க வூட்டுப் பொண்ணு கையால வாங்கிக்கறேன்," என்று நகராமல் நின்றார்.

அவள் திரும்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த வரியை எடுத்துவிட்டேன், அவள் கண்ணில் படக்கூடாது என்று. ஆனால் நாலு நாளும் பழக்கத்தில் சிடி எழுதி வைத்திருந்தேன். அவள் வந்ததும், "அழுதியாடி?" என்று கேட்டேன். "யாராச்சும் அழுவாங்களான்னு பாத்தேன். ஒருத்தரும் அழல," என்றாள். வேறு எதுவும் கேட்காமல் வேலையைத் தொடங்கினோம்.

அடுத்த வருஷம் கட்டிங் ஆர்டர் போனபோதுதான் ஊர் பற்றி எரிந்தது. ஒரே நம்பரில் இரண்டு இரண்டு பேர் சீட்டோடு வந்தார்கள். அப்படி நாற்பது நம்பர். கம்ப்யூட்டரில் பெயர் இருப்பவருக்கு ஆர்டர் வந்தது, இல்லாதவருக்கு இல்லை. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது. இந்த நாப்பது பேரும் போலிச் சீட்டு," என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சித்தப்பாவின் நம்பரில் ஆர்டர் வாங்கியவர் அபிஷேகப்பாக்கத்துக்காரர். சித்தப்பா நேராக அவர் வயலுக்குப் போய் வெட்டுகிற ஆட்களைத் தடுத்தார். கரும்பாலேயே அடித்துக்கொண்டார்கள். சித்தப்பாவுக்கு முன்பல் இரண்டு போனது. அந்த ஆளுக்குக் காது கிழிந்தது. வாயில் துணியை அடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த சித்தப்பா, "என்னப் போலி அடிச்சவன்னுட்டானுங்க," என்று ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன்.

மறுநாள் காலை ஆலையில் அவள் டேட்டாபேஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஒருத்தன் ரெண்டு பேருன்னா போலி. நாப்பது பேரும் அதே நாலு நாளு தேதியில எப்படிடி போலி அடிப்பான்? அதுவும் நான் இல்லாத நாலு நாளு?" என்றாள். பீரோவிலிருந்து அந்தத் தேதி போட்ட சிடி ஒன்றை எடுத்துப் போட்டாள். என் ஃபார்மைத் திறந்தாள். தேடவே இல்லை. நேராக அந்த வரியில் போய் நின்றாள்.

என்னைப் பார்த்தாள். எறிவாள் என்று கையால் தலையை மறைத்துக்கொண்டேன். எதையும் எறியவில்லை.

"எவ்ளோ நாளு?"

"நாலு."

அதற்குள் வெளியே சத்தம். கேட்டைத் தள்ளிக்கொண்டு கூட்டம் உள்ளே வந்துவிட்டது. எல்லார் கையிலும் கரும்பு வெட்டும் கத்தி. வாட்ச்மேனை அடித்துக் கீழே போட்டிருந்தார்கள். முதல் கல்லில் மேனேஜர் ரூம் கண்ணாடி போனது. மேனேஜர் பாத்ரூமில் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். இவள் எழுந்து வெளியே போனாள். நான் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டுப் போனாள். படியில் நின்று வலது கையை நீட்டினாள்.

"நில்லுங்க! சீட்டு போ..."

போலி இல்லை என்று சொல்ல வந்தாள். முதல் பாதிதான் கேட்டது. சித்தப்பாவின் வெட்டுக்கத்தி அந்தக் கையில் இறங்கியது. மோதிர விரலும் சுண்டுவிரலும் படியில் விழுந்தன. அவள் கத்தவில்லை. கையைப் பார்த்தாள், கீழே பார்த்தாள், அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். சுவரெல்லாம் ரத்தம்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். சித்தப்பா என்னைப் பார்த்தார். கத்தி கையில் இருக்க, பல் போன வாயோடு, வீட்டில் பேசுகிற அதே குரலில், "நீ உள்ள போம்மா," என்றார்.

போனேன். உள்ளே போய்க் கம்ப்யூட்டரிலிருந்து அந்தச் சிடியை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். உடைத்துப் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் அவளைப் பற்றி எழுதவே எனக்கு யோக்கியதை இல்லை.

சித்தப்பாவையும் இன்னும் சிலரையும் போலீஸ் பிடித்துப் போனது. ஆலை மூன்று நாள் மூடிக் கிடந்தது. போலிச் சீட்டு கும்பல் ஆலையைத் தாக்கியது என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தார். நாற்பது பேர் கரும்பும் வயலில் பூத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தாள், பெரிய கட்டு. நான் அழுதேன். அவள் அழுகையெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தாள்.

"சொன்னியா?"

சிடி இருந்த பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"நாளிக்கி பத்து மணிக்கு ஸ்டேஷன்லருந்து எழுதிக்க வராங்க. நான் சொல்லிருவேன்டி. வெட்டுனவன் யாருன்னும் சொல்வேன், அந்த வரிய யாரு போட்டான்னும் சொல்வேன். எனக்கு ரெண்டும் ஒன்னுதான். ஆனா நான் சொன்னா, நீ மாட்டிகினதா ஆவும். நீயே சொன்னா, நின்னதா ஆவும். பத்து மணி வரைக்கும் டைம் கீது."

அங்கிருந்து ஒரு சாப்பாடு வாங்கிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். சித்தப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்க வந்ததாகச் சொன்னதும் உள்ளே விட்டார்கள். கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே கேட்டார். முடித்ததும் கையைக் கழுவினார்.

"நீ ஒன்னும் சொல்லல. நான் ஒன்னும் கேக்கல. வூட்டுக்குப் போ."

"சித்தப்பா, மத்த முப்பத்தொம்போது பேரு..."

"அவனுங்க பாத்துக்குவானுங்க. உனுக்கு நாளிக்கி கல்யாணம் ஆவணும். நான் எப்படியும் கை ஓங்கியாச்சு, உள்ள இருந்துட்டுப் போறேன். அந்த மீன்காரிதான் பண்ணான்னு ஊரு நெனைக்குது. நெனைக்கட்டும்."

என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். நான் வீட்டுக்குத்தான் போனேன்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் காலில் விழுந்து, என் பெயரை மட்டும் சொல்லாதே என்று கேட்பதற்காக ஏறினேன். பஸ் ஆலை கேட்டைத் தாண்டியது. நாற்பது குடும்பமும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி ஒரு ஓரமாகத் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் எல்லாரும் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"பஸ்ஸ நிறுத்துபா," என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

"ஸ்டாப்பிங் இல்லம்மா."

"நிறுத்துபா!"

இறங்கி ஓடினேன். மூச்சு வாங்கியது. எல்லாருக்கும் நடுவில் நின்று, பையிலிருந்த சிடியைத் தூக்கிக் காட்டி, "சீட்டு ஒன்னுகூடப் போலி இல்ல. நான்தான் குடுத்தேன். எரர் வந்தா காட்டாதன்னு நான்தான் எழுதினேன். உங்க பேரு ஏறவே இல்ல. கம்ப்யூட்டரம்மா பண்ணல. அவ அதச் சொல்லத்தான் வெளிய வந்தா," என்றேன். மேனேஜர் உள்ளேயிருந்து ஓடிவந்து, "உள்ள வா, பேசிக்கலாம்," என்று கையைப் பிடித்தார். நான் போகவில்லை.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சித்திக்குத்தான் முதலில் புரிந்தது. வந்து என் முடியைப் பிடித்து ரோட்டில் இழுத்துப் போட்டாள். மிதித்தாள். "வூட்டுப் பொண்ணுன்னு உன் வரிசயில நின்னாருடி! உன் வரிசயில நின்னாரே!" அதைச் சொல்லிச் சொல்லி அடித்தாள். உதடு கிழிந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. தடுத்திருக்கக் கூடாதுதான்.

அன்று மதியமே நாற்பது பெயரையும் நோட்டில் கையால் எழுதி ஆர்டர் போட்டார்கள். சிலருக்குப் பாதிக் கரும்பு ஏற்கெனவே காய்ந்திருந்தது. எனக்கு வேலை போனது. பத்து மணிக்கு வந்த போலீஸிடம் அவள் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சித்தப்பா எட்டு மாதம் உள்ளே இருந்தார். கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் வீராம்பட்டினம் வரை போய்ப் பார்த்தார்கள். "அவரும் நிக்கணும்ல?" என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். பிற்பாடு சென்னைப் பக்கம் வேலைக்குப் போனாள் என்று கேள்வி. இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

போவதற்கு முன்னால் ஒரு முறை வந்தாள். கட்டுப் பிரித்த வாரம். பட்டப்பகல். எங்கள் வீட்டு வாசலில் நின்று, "வெளிய வாடி," என்றாள். அம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். நான் போனேன்.

ஓங்கி ஒரு அறை. காது அடைத்துப்போய், சுவரில் சாய்ந்தேன். தெருவில் கரும்புத்தோகை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் கிட்டே வந்து என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். துப்பட்டா முனையால் என் கண்ணைத் துடைத்தாள்.

"உடையல," என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

உள்ளே வந்து கண்ணாடியில் பார்த்தேன். இடது கன்னம் சிவந்து வீங்கிக்கொண்டிருந்தது. விரல் தடம் தெளிவாகத் தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான் இருந்தது.